சொர்ணம் ஆஜர்

மணி பதினொன்று இருபது. பட்டினப்பாக்கம் கடலோரச் சாலை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓர் ஆள் இல்லை...

இல்லையில்லை, ராத்திரி இல்லை. பகல் பதினொன்று இருபது.

சிரிக்காதீர்கள். பேய்க்கு நைட் ஷிப்ட் மட்டும்தான் என்று யார் சொன்னது? உச்சி வேளையில் தனியாகப் போகாதே என்று நம் ஆட்கள் சும்மாவா சொல்லிவைத்தார்கள்? அதிலும் அது இரண்டாவது ஊரடங்கு. ராத்திரி ரோடு காலியாக இருந்தால் ஊர் தூங்குகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வெயில் கொளுத்துகிற பகலில் காலியாக இருந்தால்... என்ன சொல்லிக்கொள்வது?

கிட்டே வந்து உட்காருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வெடித்திருக்கிறது, கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். மொட்டைமாடியில் கொசு இருந்தாலும் காற்றும் இருக்கிறது. வர்ஷினி, அந்த செல்போன் டார்ச்சை அணைத்துவிடு. இந்தக் கதைக்கு இருட்டு வேண்டும்.

இது நம் வலியுல்லாவின் மச்சான் உமர் ஃபாரூக்குக்கு நடந்தது. சாட்சிக்கு வலியுல்லாவே இதோ தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். தப்பாகச் சொன்னால் திருத்தட்டும்.

"நான் ஒண்ணும் பேச மாட்டேன். நீயே சொல்லு மச்சி" என்கிறான்.

அவன் கால்வாய்ப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கவனித்துக்கொள்ளுங்கள்.

உமர் ஃபாரூக் பிராட்பேண்ட்காரன். தோளில் வயர் சுருள், பின்பாக்கெட்டில் கட்டிங் பிளேயர், வாயில் ஓயாத உபதேசம். ஊரடங்கில் மயிலாப்பூர், மந்தைவெளி முழுக்க வீட்டிலிருந்தே ஆபீஸ், வீட்டிலிருந்தே பள்ளிக்கூடம், வீட்டிலிருந்தே பெண் பார்ப்பது. எல்லார் வீடியோவும் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றது. எல்லாரும் கூப்பிட்டது உமரை.

"மாமா, ரவுட்டரைக் கொண்டுபோய் இரும்பு பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சி வெச்சிக்கீறியே, சிக்னல் இன்னா சாவி போட்டுத் தொறந்துகினா வரும்? ஒசர வை, நட்ட நடுவுல வை." இது கால்வாய்க்கரை அடுக்குமாடியில் இருக்கும் சுப்பராமன் மாமாவுக்கு. அவருடைய மீட்டிங்கில் அதுவரை அவர் மூக்குத் துவாரமும் மேலே சுற்றும் மின்விசிறியும் மட்டும்தான் தெரிந்துகொண்டிருந்தன. உமர் லேப்டாப்பைத் தூக்கி அரிசி டப்பாவின் மேல் வைத்தான். கேமரா கண் உயரத்துக்கு வந்தது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவரைத் திருப்பி, வெளிச்சம் முகத்தில் விழ வைத்தான். அன்றைக்குத்தான் மாமாவுக்கு மீசை இருப்பதே ஆபீஸில் தெரிந்ததாம்.

வைஃபையை நம்பாதே, வயரை நம்பு. பத்து நிமிஷம் முன்னாடியே உள்ளே போய் உட்காரு. ஃபேனை நிறுத்து, மைக்கில் புயல் அடிக்கிற மாதிரி கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலே, உமரின் தலையாய தத்துவம்: பேசாதபோது மியூட்டில் போடு.

"ஊருக்கெல்லாம் மியூட் சொல்லித் தர்றீங்களே, உங்க வாய்க்கு ஒண்ணு வாங்கி மாட்டக் கூடாதா?" என்பாள் அவன் மனைவி ருக்சார்.

அந்த மியூட்தான் வினையாக வந்து முடிந்தது.

பட்டினப்பாக்கத்தில் மீன் வறுத்து விற்ற சொர்ணம் அம்மாவைச் சிலர் பார்த்திருப்பீர்கள். தள்ளுவண்டி, பெரிய தோசைக்கல், மிளகாய் மசாலாவில் ஊறிய வஞ்சிரம். துண்டு வெந்ததும் தோசைத் திருப்பியைக் கல்லின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவாள். டக்... டக். அதுதான் மணி. கடற்கரையில் எங்கே நின்றாலும் கேட்கும். உமரைக் கண்டால் "இன்னா நைனா, வயர் துன்னா வயிறு ரொம்புமா? இந்தா" என்று ஒரு துண்டு கூடப் போடுவாள்.

அவளுக்கு வீடு இங்கே, மந்தைவெளிக் கால்வாய்க்கரையில், பறக்கும் ரயில் பாலத்துக்கு அடியில். ஒரே அறை. நாற்பது வருஷம். அந்த வரிசையை இடித்துவிட்டு அதே இடத்தில் அடுக்குமாடி கட்டப்போவதாக நோட்டீஸ் வந்தது. அங்கேதான் குடியிருக்கிறேன் என்று விசாரணையில் ஆஜராகிச் சொல்கிறவர்களுக்கு அதே இடத்தில் வீடு. ஆஜராகாதவர்களுக்கு ஊருக்கு வெளியே, முப்பது கிலோமீட்டர் தள்ளி. ஊரடங்கு என்பதால் விசாரணை வீடியோவில். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், நமக்கும் நாளைக்கு அங்கே ஒரு வேலை இருக்கும்.

முதல் விசாரணையன்று சொர்ணமும் மகள் அன்புச்செல்வியும் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். அதிகாரிக்கு இரண்டு கறுப்பு உருவம்தான் தெரிந்தது. சிக்னல் வேறு பாதியில் அறுந்தது. ஆஜராகவில்லை.

இரண்டாவது விசாரணைக்கு முன்னால் அன்புச்செல்வி உமருக்குப் போன் போட்டாள். உமர் ஏதோ ஒரு கம்பத்தின் உச்சியில் இருந்தான். மேலேயிருந்தபடியே உபதேசம் செய்தான். "பேரு கூப்புடற வரைக்கும் மியூட்ல போட்டு வைம்மா."

போட்டார்கள். எடுப்பது எப்படி என்று சொல்ல அவன் மறந்துவிட்டான்.

"சொர்ணம்" என்று அதிகாரி கூப்பிட்டார். "கீறேன் சார்! இங்கதான் கீறேன்!" என்று சொர்ணம் கத்தினாள். கடற்கரைக் காற்றையே ஜெயித்த தொண்டை அது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் சுப்பராமன் மாமா பால்கனிக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்தார். அந்தப் பேட்டை முழுக்கக் கேட்டது. அதிகாரிக்கு மட்டும் கேட்கவில்லை.

"சொர்ணம்... இரண்டாவது முறையும் ஆஜராகவில்லை."

நாலு நாள் கழித்துச் சொர்ணத்துக்குக் காய்ச்சல். அப்புறம் ஆம்புலன்ஸ். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது, கட்டிப்போன தொண்டையால் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

"அந்த ஆபீசருக்கு... காதுல வுயுந்துச்சா?"

அன்புச்செல்வி பதில் சொல்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். அவள் திரும்பி வரவில்லை.

இதைக் கேட்ட நாளிலிருந்து உமருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது விசாரணை, கடைசி விசாரணை, சொர்ணம் போன பத்தாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு. இந்தத் தடவை போனில் உபதேசம் கிடையாது, நேரில் போவது என்று முடிவு செய்தான். முந்தின நாள் சாயங்காலமே சுப்பராமன் மாமாவின் அடுக்குமாடியில் கீழே இருக்கும் பிராட்பேண்ட் பெட்டியிலிருந்து கால்வாயைத் தாண்டி வயர் இழுத்துவிட்டான்.

அந்தப் பகல்தான் நான் முதலில் சொன்ன பகல்.

பட்டினப்பாக்கம் சாலை. உமரின் ஸ்கூட்டர் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. கடைகளெல்லாம் பூட்டிக்கிடந்தன. சொர்ணத்தின் வண்டி, நீலத் தார்ப்பாய் மூடி, கயிறு போட்டு, அதே இடத்தில். அதைத் தாண்டும்போது... சுடச்சுட எண்ணெய் வாசனை. மிளகாய் மசாலா. வஞ்சிரம்.

பசி என்று நினைத்துக்கொண்டான். ஆக்ஸிலேட்டரை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே முறுக்கினான். பயம் இல்லையாம், அவசரமாம். பல்லியைப் பார்த்தாலே நாற்காலிமேல் ஏறுகிறவன் அவன். நாமும் நம்பிவைப்போம்.

வீட்டில் அன்புச்செல்வி தலைசீவித் தயாராக இருந்தாள். சுவரில் சொர்ணத்தின் படம், மாலை, முன்னால் சின்னச் சிவப்பு பல்ப். வீட்டுக்கு மொத்தம் ஒரே பிளக் பாயிண்ட். அதில் அந்த பல்ப்.

உமர் பல்பின் பிளக்கில் கை வைத்தான்.

"அண்ணா, இன்னா பண்ற? பதினாறாம் நாள் வரிக்கும் அது அணையக் கூடாது."

"பத்தே நிமிஷம்மா. ரவுட்டருக்கு வேற எடமில்ல. அம்மா ஒண்ணும் கோச்சுக்காது."

பிடுங்கினான். பல்ப் அணைந்தது. ரவுட்டரைச் சொருகி, படத்துக்கு முன்னால் இருந்த பலகையிலேயே வைத்தான். பச்சை விளக்கு சிமிட்டியது. அவனுடைய பழைய லேப்டாப்பை அரிசி டப்பாவின் மேல் ஏற்றினான். ரவுட்டரிலிருந்து வயர். அன்புச்செல்வியை ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்தான். ஃபேனை நிறுத்தினான். அவளுக்குப் பின்னால் கொடியில் துணி, மூலையில் பாத்திரம், சொர்ணம் உட்காருகிற நீல பிளாஸ்டிக் ஸ்டூல். அதெல்லாம் எதற்கு என்று பின்னணியை மங்கலாக்கும் பொத்தானைத் தட்டினான். "ஆளை உட்டுட்டு மத்ததையெல்லாம் மங்கலாக்கிரும். மிஷினுக்கு ஆளு எது, பொருளு எதுன்னு தெரியும்" என்று பெருமையாகச் சொன்னான்.

பதினொன்று ஐம்பதுக்கு உள்ளே போயாகிவிட்டது. உமர் கேமராவுக்குப் படாமல் தரையில் குந்தினான். மியூட்டை எடுக்க விரல் தயார்.

பன்னிரண்டு நாலுக்கு அதிகாரி கூப்பிட்டார். "குடியிருப்பு அட்டை நாற்பத்தொண்ணு. சொர்ணம்."

உமர் மியூட்டை எடுத்தான்.

"சார், நான் அவங்க பொண்ணு அன்புச்செல்வி. அம்மா தவறிட்டாங்க. சர்டிபிகேட் அனுப்பிக்கீறேன். அட்டைய என் பேருக்கு மாத்தணும்."

அதிகாரி கெட்டவர் இல்லை. களைத்துப்போன மனிதர். ஃபைலைப் பார்த்தே பேசினார். "பார்த்தேம்மா. ஆனா உங்கம்மா உயிரோட இருந்தப்ப ரெண்டு தடவையும் ஆஜராகல. ஆஜராகலைன்னா அங்க குடியிருக்கலைன்னுதான் எடுத்துக்கணும். அவங்களுக்கே இல்லாத உரிமைய உங்களுக்கு எப்படி மாத்தறது?"

"வந்தாங்க சார். ரெண்டு வாட்டியும் வந்தாங்க. உங்களுக்குத்தான் கேக்கல."

"பதிவுல இல்லையே."

"அப்ப பதிவு தப்பு சார்."

உமருக்கு வியர்த்தது. அன்புச்செல்விக்கு வியர்க்கவில்லை.

"நாப்பது வருசமா இங்க கீறோம். இந்தக் கால்வாத் தண்ணி வூட்டுக்குள்ள வந்தப்ப நாங்கதான் மொண்டு ஊத்தினோம். முப்பது கிலோமீட்டருக்கு அந்தாண்ட போய் யாருக்கு சார் மீன் வறுக்கறது? நான் போவ மாட்டேன்."

"அது உங்க இஷ்டம்மா. அடுத்த ஃபைல். மைக்கை ஆஃப் பண்ணுங்க."

பழக்கதோஷம் பொல்லாதது. 'ஆஃப் பண்ணுங்க' என்று காதில் விழுந்ததும் உமரின் விரல் தானாகப் போய் மியூட்டை அமுக்கிவிட்டது.

அன்புச்செல்வி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குச் சொர்ணம் தோசைத் திருப்பியால் நாலு போட்டிருந்தாலே தேவலாம் போலிருந்தது அவனுக்கு.

அப்போதுதான்...

டக்... டக்.

அடுப்பு மூட்டி எத்தனையோ நாளான வீடு. மிளகாய் மசாலா வாசனை மூக்கில் ஏறி உமருக்கு இருமல் வந்தது.

திரையில் அதிகாரி தலையைத் தூக்கினார். "யாரது கத்தறது?"

உமர் மைக் குறியைப் பார்த்தான். குறுக்கே சிவப்புக் கோடு. மியூட். அறையில் ஒரு சத்தமில்லை. ஓர் ஈ பறந்திருந்தால் கேட்டிருக்கும்.

அதிகாரி காதிலிருந்த ஹெட்போனைப் பாதி கழற்றினார். "கேக்குதும்மா, கேக்குது! எதுக்கு இந்தக் கத்து கத்தறீங்க? கீறேன் கீறேன்னு... காது பிஞ்சு போகுது. பின்னாடி ஸ்டூல்ல உக்காந்திருக்கறது யாரு?"

உமர் திரையைப் பார்த்தான். கொடித்துணி மங்கல். பாத்திரம் மங்கல். சுவர் மங்கல். ஸ்டூல் மட்டும்... தெளிவாக இருந்தது. அதன் கால் விரிசல்கூடத் தெரிந்தது. அதைச் சுற்றி, ஓர் ஆளை வெட்டி எடுத்த மாதிரி ஒரு விளிம்பு. அதற்குள் யாரும் இல்லை.

அன்புச்செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். கையை நீட்டி, உமரின் விரலைத் தள்ளிவிட்டு, தானே மியூட்டை எடுத்தாள்.

"அவங்கதான் சார் சொர்ணம்."

"இறந்துட்டாங்கன்னு சர்டிபிகேட் வெச்சிருக்கீங்களே?"

"அதுவும் நெசந்தான் சார். ரெண்டையும் எழுதிக்குங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி பார்த்தார். பக்கத்தில் இருந்த யாரிடமோ, மெதுவாக, "எழுதுப்பா" என்றார். "பன்னிரண்டு ஒன்பது. சொர்ணம்... ஆஜர்."

அவர் கேமரா அணைந்தது.

உமர் தெரிந்த துஆவை ஓத ஆரம்பித்தான். பாதியில் மறந்துவிட்டது. அன்புச்செல்வி அப்போதுதான் ஸ்டூல் பக்கம் திரும்பினாள். வெறும் ஸ்டூல்.

"போதும்மா" என்றாள். "காதுல வுயுந்துச்சு."

வாசனை மெல்ல அடங்கியது.

லேப்டாப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து கால்வாய்ப் பாலம் ஏறும்வரை உமருக்குக் கால் தரையில் படவில்லை. எதிரே பால்கனியில் சுப்பராமன் மாமா, கையில் பனையோலை விசிறி.

"ஏண்டாப்பா உமர், நீ என்ன இங்க சுத்திண்டிருக்க? பதினொண்ணே முக்காலுக்குக் கரண்ட் போச்சு. கீழ உன் பெட்டியும் செத்துப்போச்சு. முக்கியமான மீட்டிங், பாதியில நிக்கறது. எப்போ சரி பண்ணப்போற?"

"ஒங்க பில்டிங்ல மட்டுமா மாமா?"

"ரெண்டு கரைக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தானேடா."

உமர் அங்கேயே நின்றான். ஃபேன்... அவனேதான் நிறுத்தியிருந்தான். ஜன்னல் வெளிச்சம். லேப்டாப்பில் பேட்டரி. கரண்ட் போனதை அந்த வீட்டில் காட்டிக்கொடுக்க ஒரு பொருள்கூட இல்லாமல் செய்துவைத்திருந்தது அவனுடைய உபதேசங்கள்தான்.

திரும்பி ஓடினான். "அன்பு, அந்த ஃபேன் சுவிட்சைப் போடு."

போட்டாள். ஃபேன் அசையவில்லை.

பலகைமேல், சொர்ணத்தின் படத்துக்கு முன்னால், ரவுட்டரின் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

"அத்தப் புடுங்காதண்ணா" என்றாள் அன்புச்செல்வி.

பிடுங்கவில்லை. கம்பெனியில் ரவுட்டர் எங்கே என்று கேட்டார்கள். எலி கொண்டுபோய்விட்டது என்று எழுதிக் கொடுத்தான். எவ்வளவு பெரிய எலி என்று மேனேஜர் கேட்டார். "நீங்க பார்த்தீங்கன்னா பயந்துருவீங்க சார்" என்றானாம்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. 'சொர்ணம்: காணொலி வழியே ஆஜர்.' பக்கத்திலேயே அவள் இறந்த தேதி, அதற்குப் பத்து நாள் முந்தையது. இரண்டுக்கும் கீழே ஒரே கையெழுத்து. எந்த அலுவலகத்திலும் யாரும் இதுவரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அன்புச்செல்வி அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறாள். அந்த வரிசையை இடித்தார்கள், கட்டினார்கள். அவளுக்கு நாலாவது மாடி. பழைய தள்ளுவண்டியும் அதே பட்டினப்பாக்கத்தில் அதே இடத்தில்தான் நிற்கிறது. கல்லைத் தட்டுவது இப்போது மகள்.

படத்துக்கு முன்னால் சிவப்பு பல்ப் வைக்கவில்லை. ரவுட்டர்தான். குங்குமப் பொட்டு வைத்து, பூ வைத்து... வயர் கிடையாது. பிளக்கில் சொருகவும் இல்லை. உமர் போய்ப் பார்த்துவிட்டு வந்து வலியுல்லாவிடம் சொன்னான். வலியுல்லா என்னிடம் சொன்னான்.

வர்ஷினி, எழுந்து அந்தக் கைப்பிடிச் சுவர் பக்கம் போ. பயப்படாதே. கால்வாய்க்கு அந்தப் பக்கம், பறக்கும் ரயில் பாலத்துக்குப் பின்னால், புதுக் கட்டடம் தெரிகிறதா? இன்றைக்கும் இரண்டு கரைக்கும் கரண்ட் இல்லை. முழுக் கட்டடமும் இருட்டு. நாலாவது மாடி... இடதுகோடி ஜன்னல்...

வலியுல்லா திரும்பவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு கேட்கிறான்.

"பச்சையா? ரெண்டு வாட்டி சிமிட்டிட்டு... நின்னு... மறுபடி ரெண்டு வாட்டியா?"